அலுமினியத்தில் விழும் விரிசல்



தோட்டப்புறத்துக் குடும்பத்துக்கு இன்று ஒரு பழைய கார் ஆடம்பரப் பொருள் அன்று. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. வேலை ஓரிடம், பிள்ளைகளின் பள்ளி ஓரிடம், மருத்துவமனை வேறோரிடம் என்று ஆகிவிட்ட காலத்தில், ஒரு பழைய புரோட்டோன் சாகாவோ கஞ்சிலோதான் பல குடும்பங்களைத் தாங்கி நிற்கிறது.

அந்தக் கார் ஒரு நாள் வெள்ளைப் புகை கக்கி நின்றுவிடுகிறது. பட்டறைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஹெட்டில் விரிசல் விழுந்திருக்கிறது, ஐயா" என்கிறார். அதைப் பற்றவைப்பதா, வேறு ஹெட் வாங்கிப் போடுவதா, காரையே பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவதா? சேமிப்பு கரையும் கேள்வி இது. விவரம் தெரியாமல் முடிவு செய்தால், ஒரே பழுதுக்கு இரண்டு முறை பணம் கட்ட நேரும். ஆகவே ஆசிரியர்களாகிய நாங்கள் இன்று இதையே பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விரிசல் என்பது நோயின் அடையாளமே. நோய் வேறு, அது அளவுமீறிய வெப்பம். வெப்பம் ஏன் மீறியது என்று கண்டுபிடிக்காமல் விரிசலை மட்டும் அடைப்பது, ஓட்டைக் கூரைக்குக் கீழே தரையைத் துடைப்பது போன்றது.

அலுமினியம் நமக்குப் புதிய உலோகம் அன்று. நம் வீட்டுச் சோற்றுப் பானையும் குண்டானும் அலுமினியம். ரப்பர்ப் பாலில் அமிலம் சேர்த்து உறைய வைக்கும் தொட்டிகளில் வரிசையாக நிறுத்திய தகடுகளும் அலுமினியம். ஆனால் உலகத்துக்கு இது மலிவான பொருளாகி நெடுங்காலம் ஆகவில்லை. 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டார்கள். அதற்குப் பிறகே விலை இறங்கியது. 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் எஞ்சினில், முக்கிய உறை அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்டது. எடை குறைய வேண்டும் என்பதே அதற்குக் காரணம். ஒரே அளவான இரும்புத் துண்டின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்தின் எடை. வெப்பத்தையும் அது வார்ப்பிரும்பைவிட விரைவாகக் கடத்தும்.

இந்த இரண்டு நன்மைகளுக்காகவே கார் செய்வோரும் அதை எடுத்துக்கொண்டார்கள். நம் தாத்தாமார் காலத்து மோரிஸ் மைனர் காரில் எஞ்சினின் அடிப்பகுதியும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. 1970களில் நம் சாலைகளில் மிகுதியாக ஓடிய டாட்சன் 120 ஒய் காரில் அடிப்பகுதி இரும்பாகவே இருக்க, ஹெட் மட்டும் அலுமினியமாயிற்று. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் எஞ்சினும் இதே அமைப்புத்தான். கீழே இரும்பு, மேலே அலுமினியம். இந்தச் சேர்க்கையின் நன்மையும் தொல்லையும் இனி நாம் பார்க்கப்போவதில் அடங்கியிருக்கின்றன.

ஹெட் என்பது என்ன? நான்கு கிணறுகள் வரிசையாக வெட்டிய ஓர் இரும்புக் கட்டியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவைதாம் சிலிண்டர்கள். அந்த நான்கு கிணறுகளையும் ஒருசேர மூடும் கனமான மூடியே சிலிண்டர் ஹெட். சாதாரண மூடியன்று அது. அதன் அடிப்பக்கத்தில் பெட்ரோல் எரிகிறது. காற்றை உள்ளே விடும் வால்வும் புகையை வெளியே விடும் வால்வும் அதிலேயே இருக்கின்றன. அதன் உடலுக்குள் நீர் ஓடும் வழிகளும் எண்ணெய் ஓடும் வழிகளும் இருக்கின்றன. நெருப்பு, நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் சில மில்லிமீட்டர் கனமுள்ள சுவர்களுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்துகொண்டு, ஒன்றோடொன்று கலக்காமல் வேலை செய்கின்றன. மூடிக்கும் கட்டிக்கும் இடையே கேஸ்கெட் என்ற மெல்லிய தகடு இடைவெளியில்லாமல் அடைத்து நிற்கிறது. அந்தச் சுவர்களில் ஒன்றில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்தால், மூன்றில் இரண்டு கலந்துவிடும். அதுதான் நாம் பேசும் பழுது.

விரிசல் ஏன் விழுகிறது? எந்த உலோகமும் சூடானால் விரியும். ஆனால் எல்லா உலோகமும் ஒரே அளவு விரிவதில்லை. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அலுமினியத் துண்டை 80 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேற்றினால், அது 0.7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். அதே நீளமுள்ள வார்ப்பிரும்பு அதில் பாதியளவுதான் நீளும். எழுதும் தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்று கொண்டால், அலுமினியம் ஏழு தாள் கனம் நீளும். இரும்பு மூன்றரைத் தாள் கனம் நீளும். இரண்டும் போல்டுகளால் இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. சூடு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று இழுக்க, மற்றொன்று தடுக்க, இந்தப் போராட்டம் நடந்துகொண்டே இருக்கிறது.

எஞ்சின் உரிய சூட்டில் இருக்கும்வரை இந்தப் போராட்டத்தால் கேடில்லை. அதற்கேற்பவே அதை அமைத்திருக்கிறார்கள். நீர் குறைந்து, ஹெட்டின் ஒரு பகுதி மட்டும் நீரில்லாமல் காய்ந்துவிட்டால்தான் ஆபத்து. அந்த இடம் மற்ற இடங்களைவிட மிகுதியாக விரிய முயலும். சுற்றியுள்ள உலோகம் விடாது. அதோடு, 200 பாகையைத் தாண்டினால் இத்தகைய அலுமினியக் கலவை வலுவிழந்து இளகத் தொடங்கும். பிறகு திடீரென்று குளிர்ந்தால் அந்த இடம் சுருங்கி இழுபட்டுப் பிளக்கிறது. இரண்டு வால்வுகளுக்கு இடையேயுள்ள குறுகிய பாலமும், வால்வுக்கும் ஸ்பார்க் பிளக் துளைக்கும் இடையேயுள்ள பகுதியும் பெரும்பாலும் முதலில் பிளப்பவை.

இதைப் பினாங்கில் நாம் எல்லோரும் அறிந்த ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம். பள்ளி விடுமுறையில் செபராங் பிறையிலிருந்து ஒரு குடும்பம் பாலத்தைக் கடந்து ஆயர் ஈத்தாமுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய கார், உள்ளே ஐந்து பேர், நண்பகல் வெயில், குளிர்சாதனமும் ஓடுகிறது. ஆயர் ஈத்தாம் சந்தைப் பகுதியில் கார்கள் ஊர்ந்து செல்கின்றன. கார் வேகமாக ஓடும்போது ரேடியேட்டரில் மோதும் காற்று அங்கே இல்லை; மின்விசிறி ஒன்றுதான் காற்றைத் தர வேண்டும். பிறகு கெக் லோக் சி ஆலயத்தைத் தாண்டி, 1962இல் கட்டி முடித்த அணைக்கட்டை நோக்கிய மலைச்சாலை தொடங்குகிறது. அணை கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. வளைந்து வளைந்து ஏறும் குறுகிய சாலை. கார் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முனகிக்கொண்டு ஏறுகிறது. எஞ்சின் மிகுதியாகச் சூடாகிறது. வண்டியின் வேகமோ மிகக் குறைவு. ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும், மின்விசிறி நின்றிருந்தாலும், ரப்பர்க் குழாய் கசிந்தாலும், சமதரையில் தெரியாமல் இருந்த குறை இந்த மேட்டில் வெளிப்பட்டுவிடும். சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது.

இந்த நேரத்தில் ஓட்டுநர் எடுக்கும் முடிவுதான் ஹெட்டின் தலைவிதி. "இன்னும் கொஞ்ச தூரந்தானே, மேலே போய் நிறுத்திக்கொள்ளலாம்" என்று ஓட்டினால், அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் ஹெட் கோணுகிறது, பிளக்கிறது. செய்ய வேண்டியது இதுதான்: குளிர்சாதனத்தை உடனே அணையுங்கள். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினையும் அணையுங்கள். பிள்ளைகளை இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். பிறகு பொறுமையாக இருங்கள். ஒரு மணி நேரமானாலும் காத்திருங்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. ஏன் என்று கேட்கலாம். திறந்த பானையில் நீர் 100 பாகையில் கொதிக்கும். மூடி அழுத்திப் பிடித்திருப்பதால், ரேடியேட்டருக்குள் நீர் ஏறக்குறைய 120 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும். அவ்வளவு நீரும் ஒரே பொங்காகப் பொங்கி, திறந்தவர் முகத்திலும் கையிலும் அடிக்கும். எட்டிப் பார்க்கும் பிள்ளையின் மேலும் அடிக்கும். மேல் ரப்பர்க் குழாயைத் தொட்டால் சுடாத நிலை வந்த பிறகே, தடித்த துணி போட்டு மூடியை மெல்லத் திறக்க வேண்டும். அப்போதும் குளிர்ந்த நீரைக் குடம் குடமாகக் கொட்டக் கூடாது. காய்ந்த கண்ணாடிக் குவளையில் குளிர்நீர் ஊற்றினால் என்னாகும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். நீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

இனி, விரிசல் விழுந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது? சில அடையாளங்களை வீட்டிலேயே பார்க்கலாம். வெளியே எங்கும் ஒழுகாமலே ரேடியேட்டர் நீர் நாளுக்கு நாள் குறைகிறதா? எண்ணெய் அளவுக் கோலை உருவிப் பார்த்தால், எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறதா? எஞ்சின் சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? குளிர்ந்த எஞ்சினை முடுக்கியவுடன் ரேடியேட்டர் நீரில் குமிழிகள் வந்துகொண்டே இருக்கின்றனவா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் காரை ஓட்டாதீர்கள். நீர் கலந்த எண்ணெய் மசகு எண்ணெயின் வேலையைச் செய்யாது; ஹெட்டோடு போக வேண்டிய செலவு முழு எஞ்சினுக்கும் போய்விடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த அடையாளங்கள் விரிசலுக்கும் வரும், கேஸ்கெட் கருகிப் போனாலும் வரும். கேஸ்கெட் மட்டும் என்றால் செலவு குறைவு. ஆகவே பட்டறையில் சோதனை செய்யாமல் "விரிசல்தான்" என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரேடியேட்டர் வாயில் ஒரு நீல மருந்துக் குழாயை வைத்துச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. எரிந்த வாயு நீரில் கலந்திருந்தால் மருந்து மஞ்சளாகும். நாம் விடும் மூச்சு, தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்குவதை நம் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பார்கள். இரண்டுமே கரியமில வாயுவைக் காட்டிக்கொடுக்கும் சோதனைகள்தாம். வாயு கசிகிறது என்பதை இச்சோதனை சொல்லும். கசிவது கேஸ்கெட்டிலா ஹெட்டிலா என்பதை ஹெட்டைக் கழற்றிய பிறகே அறியலாம்.

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பின்பே ஹெட்டைக் கழற்ற வேண்டும். போல்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிறிது சிறிதாக, பல சுற்றில் தளர்த்த வேண்டும். கழற்றிய ஹெட்டைக் கழுவக் காஸ்டிக் சோடா பயன்படுத்தலாகாது. இரும்பைச் சுத்தம் செய்யும் அந்தச் சோடா அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். வீட்டு அலுமினியப் பானைக்கும் இதே விதிதான்.

சுத்தமான ஹெட்டில் இரண்டு சோதனைகள் நடக்க வேண்டும். முதலாவது சாயச் சோதனை. சிவப்புச் சாயத்தைப் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். விரிசலுக்குள் இறங்கியிருந்த சாயம் பொடியில் ஊறி, சிவப்புக் கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழையும் இதில் தப்பாது. இரண்டாவது அழுத்தச் சோதனை. சைக்கிள் டியூப்பில் பஞ்சர் பார்ப்பது நமக்குப் பழகிய வேலை. அதே வழிதான் இங்கும். ஹெட்டின் நீர் வழிகளை எல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, வெந்நீரில் அமிழ்த்துவார்கள். குமிழி வரும் இடமே விரிசல். முதல் சோதனை மேற்பரப்பில் உள்ளதைக் காட்டும். இரண்டாவது உள்ளுக்குள் ஒளிந்திருப்பதையும் காட்டும். இரண்டும் செய்யாமல் பற்றவைக்கத் தொடங்குவது, இருட்டில் ஊசி நூல் கோப்பது போல.

இப்போது பற்றவைப்புக்கு வருவோம். இரும்பைப் பற்றவைப்பவர் எல்லாரும் அலுமினியத்தைப் பற்றவைத்துவிட முடியாது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதற்காரணம் அதன் தோல். அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. உள்ளே உள்ள தூய அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும். வார்ப்புக் கலவைகள் அதற்கும் முன்பே உருகும். மேலே உள்ள படலமோ 2,000 பாகைக்கு மேல்தான் உருகும். காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிந்திருப்பதுபோல், உள்ளே உருகிய பின்பும் மேலே தோல் அப்படியே நின்று, புது உலோகம் பழையதோடு சேர விடாமல் தடுக்கும். இரண்டாம் காரணம், இரும்பைப்போல் இது சிவந்து எச்சரிக்கை தருவதில்லை. பார்க்க ஒரே நிறமாக இருந்து, திடீரென்று சரிந்து விழும். மூன்றாம் காரணம், வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடுவதால், பற்றவைக்கும் இடத்தில் சூடு நிற்காமல் உடலெங்கும் ஓடிவிடும்.

இந்த மூன்றுக்கும் கைகண்ட வழி, ஆர்கன் வாயுவின் பாதுகாப்பில் டங்ஸ்டன் முனையால் செய்யும் பற்றவைப்பு. பட்டறையில் இதை "டிக் வெல்டிங்" அல்லது "ஆர்கன் வெல்டிங்" என்பார்கள். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானத் தொழிற்சாலைகளில் இலேசான உலோகங்களுக்காக வளர்ந்த முறை இது. திசை மாறி மாறிப் பாயும் மின்சாரத்தால், ஒரு திசையில் ஆக்சைடு தோல் உடைகிறது. மறு திசையில் உலோகம் உருகுகிறது. ஆர்கன் வாயு குடைபோல் கவிந்து காற்றை அண்டவிடுவதில்லை.

ஆனால் நேயர்களே, நெருப்பு பிடிக்கும் நேரத்தைவிட அதற்கு முன் செய்யும் ஆயத்தமே பெரிய வேலை. விரிசலின் இரு நுனிகளிலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவில் சிறு துளை இட வேண்டும். துணி கிழியும்போது கிழிசலின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டால் மேலே கிழியாது அல்லவா? அதே தத்துவம். பிறகு விரிசலை அதன் ஆழம் வரை வாய்க்கால்போல் அகழ வேண்டும். அடியில் சிறிது விரிசலை விட்டுவிட்டு மேலே மூடினால், அது மறுபடி மேலே ஏறி வரும். இத்தனை ஆண்டு எண்ணெயிலும் கரியிலும் ஊறிய உலோகம் அது. அந்த எண்ணெயைச் சூட்டாலும் அசிட்டோன் திரவத்தாலும் வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால், பற்றவைக்கும்போது எண்ணெய் ஆவியாகி, வேலை செய்த இடம் இட்டிலியைப்போல் ஓட்டை ஓட்டையாகும். அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய துருப்பிடிக்காத கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இரும்பைத் தேய்த்த பிரஷ் உதவாது.

அடுத்து, முழு ஹெட்டையும் அடுப்பில் வைத்து 150 முதல் 200 பாகை வரை சீராகச் சூடேற்ற வேண்டும். பிறகு சிலிக்கான் கலந்த அலுமினியக் கம்பியை நிரப்பிப் பற்றவைக்க வேண்டும். முடிந்ததும் காற்றிலோ நீரிலோ குளிர்விக்காமல், மூடி வைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அவசரமாக ஆறினால் பக்கத்திலேயே புது விரிசல் பிறக்கும்.

இத்தோடு வேலை முடியவில்லை. சூட்டில் ஹெட் சற்றே கோணியிருக்கும். நேர்ச்சட்டத்தை வைத்து, இடையில் மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நுழையக் கூடாது. அது தாளின் கனத்தில் பாதி. கோணியிருந்தால் இயந்திரத்தில் சீவிச் சமன் செய்ய வேண்டும். எவ்வளவு சீவலாம் என்பதற்கும் காரின் கையேட்டில் எல்லை உண்டு. வால்வு இருக்கைகளையும் சரிபார்க்க வேண்டும். கடைசியாக அழுத்தச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது சோதனைதான் உங்கள் பணத்துக்கு உத்தரவாதம். பொருத்தும்போது புதிய கேஸ்கெட், கையேடு சொன்னால் புதிய போல்டுகள். இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, படிப்படியாக, அளவு காட்டும் ஸ்பேனரால்.

எப்போது பற்றவைக்காமல் விடுவது நல்லது? அளவுமீறிக் காய்ந்த ஹெட் இளகிப்போயிருந்தால், அதன் கடினத்தைச் சோதித்து அறியலாம். இளகிய ஹெட்டை எவ்வளவு திறமையாக அடைத்தாலும் அது போல்டின் இறுக்கத்தைத் தாங்காது. பல இடங்களில் விரிசல் இருந்தாலும், சீவ இனிக் கனம் இல்லாவிட்டாலும், விட்டுவிடுங்கள். சாகா போன்ற கார்கள் மிகப் பல ஓடியதால், பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைகளில் வேறு ஹெட் கிடைக்கலாம். ஆனால் பணம் கொடுக்கும் முன் அதற்கும் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒருவர் கழித்த விரிசலை இன்னொருவர் விலைக்கு வாங்கக் கூடாது.

சிலர் பசைபோட்டு அடைக்கலாமா என்று கேட்பார்கள். இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து பூசுவது, எண்ணெய்த் தொட்டியின் வெளிப்புறம் போன்ற சூடும் அழுத்தமும் குறைந்த இடத்தில், வீடு போய்ச் சேரும்வரை உதவும். நெருப்பு எரியும் அறையின் பக்கத்தில் அது நிற்காது. ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்பு மருந்தும் அப்படித்தான். விரிசலை அடைப்பதோடு ரேடியேட்டரின் மெல்லிய வழிகளையும் அடைத்துவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய வோக்ஸ்வேகன் வண்டு வடிவக் காரின் எஞ்சின் உறை, பார்க்க அலுமினியம்போல் இருந்தாலும் மெக்னீசியக் கலவை. அதன் துகள்கள் தீப்பற்றினால் நீர் ஊற்றி அணைக்க முடியாது. நீர் பட்டால் தீ மேலும் பெருகும். அதைப் பழக்கமில்லாதவர் கையில் கொடுக்கலாகாது. பற்றவைக்கும் ஒளியைப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கவும் விடாதீர்கள், கண்ணைச் சுட்டுவிடும். ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை அல்லது சிவப்புத் திரவம் இனிப்புச் சுவையுடையது, ஆனால் நஞ்சு. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்.

இப்போது நாம் முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறோம். ஹெட் சரியாகிவிட்டது, ஆனால் அதைக் காய வைத்தது எது? அடைத்த ரேடியேட்டரா? சுமார் 82 முதல் 88 பாகையில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட் திறக்காமல் நின்றதா? நீர் பம்பு தேய்ந்ததா? மின்விசிறி சுற்றவில்லையா? அழுத்தம் தாங்காத பழைய மூடியா? வெடித்த ரப்பர்க் குழாயா? இவற்றில் பல, ஹெட் வேலையோடு ஒப்பிட்டால் சிறு செலவே. அந்தச் சிறு செலவைத் தவிர்த்தால், அடுத்த மேட்டில் புதுப்பித்த ஹெட்டும் போய்விடும்.

ஆகவே பட்டறைக்குப் போகும்போது ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். விரிசலா கேஸ்கெட்டா என்பதை எந்தச் சோதனையால் முடிவு செய்தீர்கள்? ஹெட் இளகிவிட்டதா என்று பார்த்தீர்களா? பற்றவைப்பவர் அலுமினியத்தில் பழகியவரா? வேலை முடிந்ததும் மறுபடி அழுத்தச் சோதனை செய்வீர்களா? சூடேறிய காரணம் என்ன, அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்? மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டுப் பாருங்கள். நல்ல பட்டறைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார். கேட்கத் தெரிந்த வாடிக்கையாளரை மதிப்பார்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து, நடுங்காத கையால் அதை மூடுகிறவர் சாதாரணக் கூலியாள் அல்லர். வெப்பம், மின்சாரம், உலோகம் ஆகிய மூன்று பாடங்களையும் கையால் படித்தவர் அவர். ஏட்டுப் படிப்பில் பின்தங்கும் பிள்ளை இயந்திரத்தைக் கண்டால் கண் விரிகிறானா? அவனைத் திட்டாதீர்கள். நம் நாட்டில் மலேசியத் திறன் சான்றிதழ் என்று படிப்படியாகத் தகுதி தரும் முறை இருக்கிறது. பற்றவைப்பும் வாகனப் பழுதுபார்ப்பும் அதில் உண்டு. இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்றும் எண்ண வேண்டாம். பற்றவைப்புக்கு வேண்டியது தோள்வலிமையைவிடக் கைநிதானமே.

வாரம் ஒரு முறை, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, நீரையும் எண்ணெயையும் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும். அதைப் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவர்களுக்கும் அது ஒரு பாடம். மலையேறும் முன் முள்ளைப் பாருங்கள், ஏறும்போதும் பாருங்கள். அது சிவப்பை நெருங்கினால் நிறுத்தத் தயங்காதீர்கள்.